தலை முழுகினால் பாட்டும் போச்சு

என் அம்மாவைப் பெற்ற தாத்தா வாசலில் ஆனை கட்டி வாழ்ந்தவர். நான் அந்த ஆனையைப் பார்த்ததில்லை. தாத்தா செத்த அன்று அம்மா பாடித்தான் எனக்கே தெரியும்.

"வாசலிலே ஆனை கட்டி வாழ்ந்தவரே என் நைனா
ஆனை அழுவுதே, அம்பாரி சாயுதே"

அம்மா மார்பில் அடித்துக்கொண்டு இப்படிப் பாடியதும் நான் கூட்டத்துக்குள் புகுந்து வாசலுக்கு ஓடினேன். அங்கே தாத்தாவின் வெள்ளாடு ஒன்றுதான் நின்றிருந்தது. பந்தலில் கட்டிய வேப்பிலைக் கொத்தை எட்டி எட்டித் தின்றுகொண்டிருந்தது. ஆனையை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போயிருப்பார்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். "ஏனுகா?" என்று கேட்டுச் சிரித்த டீச்சர், பக்கத்து வகுப்பு டீச்சரையும் கூப்பிட்டு, எங்கள் தாத்தா ஆனையைப் பற்றி மறுபடி ஒருமுறை என்னைச் சொல்ல வைத்தார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாட்டுல சொல்றதெல்லாம் நெஜமாடீ? ஒரே ஒரு ஆடு வச்சினு இருந்தாருன்னு பாடினா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

அப்போது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதே சாவில், அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, தன் அண்ணி கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினாள். அண்ணிக்காரி அரளி விதையை அரைத்துக் கஞ்சியில் ஊற்றினாள் என்று பாட்டு. பாட்டில் விஷம் வைத்த அந்த அண்ணிதான் தன் முந்தானையால் பெரியம்மாவின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். குளித்து முழுகியதும் இரண்டு பேரும் ஒரே தட்டில் இட்லி தின்றார்கள். அதையும் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அதெல்லாம் கேக்கக் கூடாது. தலை முழுவினா பாட்டும் போச்சி" என்றாள்.

எங்கள் பெண்களுக்கு இது சட்டம். சாவு வீட்டில் ஒருத்தி எதை வேண்டுமானாலும் பாடலாம். மாமியார் சூடு போட்டதையும் பாடலாம், ஓரகத்தி சோற்றில் கல் போட்டதையும் பாடலாம். புருஷனைப் பேர் சொல்லாமல் வண்டி வண்டியாகத் திட்டலாம். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஆனால் ஆற்றிலோ குழாயடியிலோ தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. இது பெண்களுக்குக் கிடைத்த சலுகை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை என் நைனாவின், அதாவது அப்பாவின், ஒரே தங்கை. எங்கள் தெருவில் அவள் பாடாமல் ஒரு நலங்கு நடந்ததில்லை. நலங்கு என்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மஞ்சள் பூசி, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பாட்டிலேயே கிழித்துத் தொங்கவிடுவார்களே, அதுதான். அத்தைக்கு மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தால் போதும், அங்கேயே பாட்டுக் கட்டிவிடுவாள். தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே பாடுவாள், குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே பாடுவாள். அவளுக்கு வாய் என்பது பேசுவதற்குக் கொஞ்சமும் பாடுவதற்கு மிச்சமுமாக இருந்தது. நேருக்கு நேர் நின்று யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டாள். சந்தையில் காய்க்காரன் எடை குறைத்துப் போட்டால்கூட வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து அவன் தராசின்மேல் ஒரு பாட்டுக் கட்டிப் பாடுவாள்.

அவளைச் சித்தூர்ப் பக்கத்தில் கொடுத்தார்கள். மாமா மாங்கூழ் ஃபேக்டரியில் சூபர்வைசர். வீட்டில் மாங்கொட்டை காயவைத்து மூட்டை கட்டி விற்கும் வியாபாரமும் உண்டு. அவர்களும் நம் ஜனம்தான். ஆனால் இரண்டு தலைமுறையாகத் தெலுங்கு ஊரில் இருந்து, தமிழைத் தெலுங்கு கலந்துதான் பேச வரும் என்று ஆகிவிட்டவர்கள். கல்யாணம் நாராயணவனம் கோயிலில் நடந்தது. பெண்ணாக மணையில் உட்கார்ந்துவிட்டதால் நலங்கில் அத்தையால் பாட முடியவில்லை. அதற்காகச் சும்மா விடுவாளா? பாட்டைக் கட்டித் தன் சிநேகிதிகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"சித்தூரு மாப்பிள்ளைக்கு சீப்பு ஒண்ணு வாங்கியாந்தோம்
சீவத்தான் முடியக் காணோம், சீப்ப என்னா செய்யறது?"

மாமாவுக்கு முன்மண்டை கொஞ்சம் ஏறியிருந்தது. கூட்டமே சிரித்தது. அவருடைய அம்மாவே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. மஞ்சள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "யாரு கட்னது இந்தப் பாட்டு?" என்று கேட்டார். எவளோ ஒருத்தி விளையாட்டுப் போல மணப்பெண்ணைக் கைகாட்டினாள். அவர் திரும்பி அத்தையை ஒரு பார்வை பார்த்தார். "பாட்டுல திட்டினா திட்டா மாப்ள? ஊரு வழக்கம்" என்று பெரியவர்கள் தோளைத் தட்டிச் சரிசெய்தார்கள். எனக்கென்னவோ அவர்மேல் ஒரு பிரியம் வந்தது. பாட்டில் சொன்னதை நிஜம் என்று எடுத்துக்கொண்ட ஆளை, என்னைத் தவிர, அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அவரை இன்றும் மரியாதையாகத்தான் எழுத வருகிறது. பழக்க தோஷம்.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தை அதிகம் வரவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்பாள், வரமாட்டாள். ஃபேக்டரி, மாங்கொட்டை, மாமியாருக்கு முட்டிவலி என்று ஏதாவது ஒரு காரணம் போனில் வரும். அவள் வந்தது அவளுடைய நைனா, அதாவது என் அப்பாவழித் தாத்தா, செத்தபோதுதான்.

சித்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனையில் கால் வைத்ததும் அத்தை தொடங்கிவிட்டாள். பெற்ற மகள் தெருமுனையிலிருந்தே பாடிக்கொண்டு வருவதுதான் முறை. மாமா அந்தச் சத்தம் பிடிக்காதவர்போல ஆண்களோடு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். பெண்கள் எழுந்து போய் அத்தையைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். அத்தை ரொம்ப இளைத்திருந்தாள். ஆனால் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். எனக்கு அந்த வளையல்கள்மேல்தான் கண். அவள் மாரில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் எங்கே உடைந்துவிடுமோ என்று பதறிக்கொண்டிருந்தேன்.

நைனா அப்போதுதான் டச் போன் வாங்கியிருந்தார். அழுதுகொண்டே அதை நீட்டிப் பிடித்து அத்தையின் பாட்டைப் பதிவு செய்தார். நான் அவர் முழங்காலடியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிவில் நடுவில் ஒரு இருமல் வரும். அது என்னுடையது.

அத்தை முதலில் வழக்கமான அடிகளைத்தான் பாடினாள். தறி நெய்த கை, தங்கத் தொட்டில், பாவு அறுந்துபோச்சே, யாரு வந்து முடிபோடுவா என்றெல்லாம். பெண்கள் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று கூடவே இழுத்தார்கள். பிறகு அத்தையின் குரல் இறங்கியது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பாடினாள்.

"வெளியே தாப்பா போட்டு வச்ச வெளக்கில்லா ரூமு நைனா – அங்க
மாங்கொட்ட மூட்டமேல தலை சாச்சி படுத்தேன் நைனா

கரண்டிக் காம்பு சூடு பட்டு கையெல்லாம் பூத்திருக்கு – அதைக்
கண்ணாடி வளவி போட்டு மறச்சி வந்தேன் நைனா

எடதுபக்கம் கூப்பிட்டாக்க எனக்குக் கேக்கலையே – நீ
வலதுபக்கம் வந்து நின்னு ஒரு தரம் கூப்புடய்யா

பதினாறு முடிஞ்சதுன்னு பஸ்ஸேத்தி அனுப்பாம – என்னை
வச்சிக்கடான்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டுப் போ நைனா"

இதைப் பாடும்போது அவள் பிணத்தைப் பார்க்கவில்லை. போனை நீட்டிக்கொண்டு நின்ற நைனாவைத்தான் பார்த்தாள். நைனா போனின் கண்ணாடியில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. பிறகு எங்கள் தெருவிலேயே பெரிய பாட்டுக்காரி என்று பேர் எடுத்த ஒரு கிழவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸக்கூட பாட்டுல கொண்டாந்துட்டா பாருமே! அப்பன் கூப்புடறது கேக்கலன்னு எப்டி ஜோடிச்சா பாத்தியா?" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. எனக்கும்தான்.

சாயங்காலமே மாமா லீவு இல்லையென்று சித்தூருக்குப் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அத்தை எங்களோடு இருந்தாள். எனக்கு அது திருவிழா. அவளை வைத்து ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது இடப்பக்கமாகப் போய் "அத்தே" என்பேன். திரும்ப மாட்டாள். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து அதே குரலில் "அத்தே" என்பேன். உடனே திரும்பிச் சிரிப்பாள். இதை எத்தனை தரம் செய்தாலும் எனக்கு அலுக்கவில்லை. வளையலில் ஒன்று கேட்டேன். "இது ஒண்ணு மட்டும் கேக்காதடீ கண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் அத்தை எனக்கு இல்லை என்று சொன்னது அந்த ஒரு தரம்தான்.

விளையாட்டை அம்மாவுக்கும் காட்டினேன். "அத்தைக்கு இந்தப் பக்கத்துக் காது கேக்கலம்மா. பாட்டுலகூட சொன்னாங்களே" என்றேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"தறிக்காரன் வூட்ல பொறந்தவளுக்குக் காது மந்தமாத்தான்டீ இருக்கும். உங்க நைனாவுக்கு மட்டும் கேக்குதா?"

"அப்போ ரூமு? மாங்கொட்டை மூட்டை?"

"மறுபடியும் ஆனைய ஓட்டிக்கினு வந்துட்டியா நீ?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஏமாந்த பிள்ளை என்று இன்னொரு தரம் பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

ஒருநாள் நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தாள். சோற்றுக் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "பாட்டக் கேட்டியா ண்ணா?" என்று கேட்டாள்.

"கேக்காம? அதான் போன்ல புடிச்சி வச்சிக்கிறேனே. ஊரே அதப்பத்திதான் பேசிக்கினு கீது."

"கடைசி வரைக்கும் கேட்டியா?"

"கேட்டேன்மா. இன்னா ராகம், இன்னா ராகம்! அள்ளிட்ட போ."

அத்தை இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். அவர் வேண்டாம் என்று கையை மறித்தும் போட்டாள். அதற்குமேல் அவள் வாயால் கேட்க முடியாது. எல்லாரும் தலை முழுகியாகிவிட்டது. பாடினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொன்னாலோ அவள்தான் பதில் சொல்ல வேண்டும். ஏன் அனுசரிக்கவில்லை, எதிர்த்துப் பேசினாயா, மாமியாருக்கு நேரத்துக்குச் சோறு போட்டாயா என்று ஆளுக்கொரு பக்கம் கேட்பார்கள். வாழ்நாளெல்லாம் பாட்டாகவே பேசிப் பழகியவளுக்கு அத்தனை பேருக்கும் உரைநடையில் பதில் சொல்லத் தெம்பு இருந்திருக்காது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

காரியம் முடிந்தது. நைனா பிறந்த வீட்டுச் சேலையும் வாழைப்பழச் சீப்பும் பூவும் வாங்கிக்கொடுத்து அத்தையைச் சித்தூர் பஸ்ஸில் ஏற்றினார். கண்டக்டரிடம் சொல்லி ஜன்னலோரத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்தார். நாங்கள் கீழே நின்றோம். அவளுக்கு அது இடப்பக்கம். "அத்தே, டாட்டா" என்று கத்தினேன். திரும்பவில்லை. "போய்ச் சேந்ததும் போன் போடும்மா" என்று நைனா சொன்னார். அதற்கும் திரும்பவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் போன பிறகு, "தாய் வூட்ட வுட்டுப் போற துக்கம், வேற இன்னா" என்று நைனா என்னிடம் சொல்லிவிட்டு எனக்கும் ஒரு பழம் வாங்கிக்கொடுத்தார். நின்ற இடத்திலேயே உரித்துத் தின்றேன்.

பிறகு அந்தப் பாட்டு எங்கள் வீட்டுப் பெருமையாகிவிட்டது. வந்தவர் போனவர் எல்லாருக்கும் நைனா போட்டுக்காட்டுவார். பவர்லூம் ஷெட்டில் சட்டைப்பையில் போனை வைத்துப் பாட்டை ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்வார். அத்தனை தறிகளும் சேர்ந்து அடிக்கும் அந்தச் சத்தத்தில் சொல் எங்கே கேட்கும்? ராகம் மட்டும் ஏறி இறங்கும். அவர் அதற்குத் தலையாட்டிக்கொண்டு அறுந்த இழையை முடிபோடுவார். நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் எனக்கோ பாட்டு முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. இருமல் வரும் இடத்தில் நானும் சேர்ந்து இருமுவேன்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலும் நைனா அதைப் போட்டார். யார் யாரோ அழுகிற பொம்மையும் கும்பிடுகிற கையும் அனுப்பினார்கள். ஒருநாள் மாமாவிடமிருந்து போன் வந்தது. நைனாவுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும் என்பதால் எனக்கும் கேட்டது.

"பாவா, ஆ பாட்ட அந்தரிக்கீ அனுப்பிட்டீங்களா?"

"எல்லாருக்கும் அனுப்பிட்டேன் மாப்ள. நம்ம சனத்துல ஒருத்தர் பாக்கி இல்ல. சித்தூர்ல உங்க பெரியப்பாகூட கேட்டுட்டு ஓன்னு அழுதாராம்."

 பிறகு மாமா, "நேனு கடைசி வரைக்கும் கேட்டேன் பாவா" என்றார்.

"எப்டி இருந்திச்சி?"

மாமா வைத்துவிட்டார். சிக்னல் போய்விட்டது என்றார் நைனா. மாப்பிள்ளைக்கும் ரசனை இருக்கிறது என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அத்தைக்குப் போன் போட்டால் மாமாதான் எடுப்பார். வேலையாக இருக்கிறாள், தூங்குகிறாள் என்பார்.

மாங்காய் வரத்து தொடங்கிய நேரத்தில் மறுபடி போன் வந்தது. அத்தைக்குக் காலையில் வயிற்றுவலி வந்ததாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாங்கள் வேன் பிடித்துப் போவதற்குள் அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி, என்ன நோய் என்று முடிவு செய்து, எடுக்கும் நேரமும் குறித்து வைத்திருந்தார்கள். நைனா அவர்கள் நடுவில் போய்க் கைகட்டி நின்றார். அவர்கள் தெலுங்கில் ஆறுதல் சொன்னார்கள். அவரும் தெலுங்கில் "அவுனண்டி, அவுனண்டி" என்று ஆமாம் போட்டார்.

வாசலில் அத்தையைப் படுக்கவைத்திருந்தார்கள். சுமங்கலியாகப் போனதால் மஞ்சள் பூசி, பூ வைத்திருந்தார்கள்; கை நிறைய வளையல் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்க வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு சின்ன அறை இருந்தது. ஜன்னல் இல்லை. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே கூரை வரைக்கும் மாங்கொட்டை மூட்டை. ஓரத்தில் ஒரு மூட்டையின்மேல் பழைய புடவை ஒன்றை மடித்துப் போட்டிருந்தது, அதில் தலை வைத்த இடம் பள்ளமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். முன்பு ஆனையைத் தேடி வாசலுக்கு ஓடி ஏமாந்தவள் நான். இந்தத் தரம் ஆனை நிஜமாகவே கட்டியிருந்தது. ஓடிப்போய் அம்மாவின் முந்தானையை இழுத்தேன்.

"அம்மா, ரூமு கீதும்மா! பாட்டுல வந்த ரூமு!"

அம்மா என்னோடு வந்து பார்த்தாள். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள்.  திரும்பி வந்து அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறந்த வீட்டு ஜனம் பாடாமல் பெண்ணை எடுக்கக் கூடாது. அந்த ஊர்ப் பெண்களுக்கு அழத் தெரிந்தது, பாடத் தெரியவில்லை. "பாடும்மா, நேரமாவுது" என்று எங்களோடு வந்தவர்கள் அம்மாவை அவசரப்படுத்தினார்கள். அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். எத்தனையோ சாவுகளில் ஆனையும் அம்பாரியும் பல்லக்கும் பவுனுமாகப் பாடித் தள்ளியவளுக்கு அன்று ஒரு சொல் வரவில்லை. அத்தையின் கை வளையல்களை மெல்ல மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, பழையபடியே இறக்கிவைத்தாள்.

பிறந்த வீட்டுக்கு மானம் போகிறதே என்று நைனாவுக்கு ஆகிவிட்டது. மைக் செட்டுக்காரனிடம் போனார். "இந்தாப்பா, எங்க தங்கச்சி பாடினதே கீது. அதுக்கு அதுவே பாடிக்கட்டும்" என்று தன் போனைக் கொடுத்தார்.

தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அத்தையின் குரல் எழுந்தது. ராகத்தை விட்டுவிட்டுச் சொல் சொல்லாக அந்தப் பாட்டை நைனா கேட்டது அன்றுதான். முதலில் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். தொட்டில் வந்தது, தறி வந்தது. என் இருமலும் வந்தது. வெளியே தாப்பா என்று வந்தபோது தலை ஆடுவது நின்றது. கரண்டிக் காம்பு என்று வந்தபோது அத்தையின் கைகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்துகொண்டாள். "வலதுபக்கம் வந்து நின்னு ஒரு தரம் கூப்புடய்யா" என்று குரல் கெஞ்சியது. நைனா இரண்டு அடி நடந்து, அத்தையின் வலப்பக்கமாகப் போய் நின்றார். வாயசைத்தார். கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த அடி தொடங்குவதற்குள் மாமா விறுவிறுவென்று போய் மைக் செட்டின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். "சாலு, எடுக்க நேரமாச்சி" என்றார். அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும். அவர் கடைசி வரைக்கும் கேட்டவர்.

எல்லாரும் சும்மா நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல பாட்டைக் கடைசி அடியில் நிறுத்துவார்களா? இன்னும் இரண்டு வரி இருக்கிறது, எனக்குத் தெரியும் என்று முன்னால் போய் நின்று, அத்தை இழுத்த இடத்தில் இழுத்து, இறக்கிய இடத்தில் இறக்கி, நானே பாடினேன்.

"பதினாறு முடிஞ்சதுன்னு பஸ்ஸேத்தி அனுப்பாம – என்னை
வச்சிக்கடான்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டுப் போ நைனா"

நைனா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரோ அவரைத் தூக்கப் பார்த்தார்கள். எழுந்திருக்கவில்லை. அத்தையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் இப்போது திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எங்கள் வீட்டில் ஆனை இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரிக்க மாட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அதனால் அத்தை வரப்போவதில்லை. மாமா மறு கல்யாணம் செய்துகொண்டு அதே ஊரில்தான் இருக்கிறார். நைனாவின் போனில் அந்தப் பாட்டு இப்போது இல்லை.

அன்று சாயங்காலம் நகரிக்குத் திரும்பி வந்து எல்லாரும் தலை முழுகினோம். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அடுப்பு மூட்டினாள். நைனா துண்டைக்கூட உதறாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஈரத் தலையோடு அவர் பக்கத்தில் போனேன். "கடைசி வரைக்கும் கேட்டியா நைனா?" என்று கேட்டேன். நடுவில் இருமாமல் பாடியிருந்தேன். அதற்காகவாவது நன்றாக இருந்தது என்று ஒரு சொல் சொல்வார் என்று, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.